தென்வானம் ஆசிரியர் அழகுமீனாவின் பிழையில்லாப் பெருவாழ்வு

“சூரியன்லயே கரும்புள்ளி இருக்கு. எங்க தென்வானத்துல ஒரு புள்ளி காட்டுங்க, பார்ப்போம்.”

2005ஆம் ஆண்டு தை மாதம், விருதுநகரில் பருப்பு வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடத்தும் ஒரு மண்டபத்தில், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று அழகுமீனா இப்படி அறைகூவினார். சபையில் பாதிப்பேர் தென்வானம் என்றால் வானிலை அறிக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள். மீதிப்பேர் டிபன் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள். ஆகவே புள்ளி காட்ட ஒருவரும் எழவில்லை. அறைகூவல் ஏகமனதாக ஏற்கப்பட்டதாகவே வரலாறு கொள்ள வேண்டும்.

தென்வானம் வானிலை அறிக்கை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வானியல் ஆய்விதழ். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் தமிழில் ஒரு சுருக்கம் இருக்கும். எழுதுகிறவர்கள் கல்லூரி ஆசிரியர்களும் டாக்டர் பட்டத்துக்கு முயல்கிறவர்களும். படிக்கிறவர்களும் அவர்களே. உலகத்தில் எல்லா ஆய்விதழ்களும் இப்படித்தான் நடக்கின்றன என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது. நிறுவனர், ஆசிரியர், மெய்ப்புத் திருத்துகிறவர், உறைக்குத் தபால்தலை ஒட்டுகிறவர் எல்லாம் அழகுமீனாதான். ஆசிரியர் குழு என்று முதல் பக்கத்தில் ஒரு வரிசைப் பெயர்கள் உண்டு. அந்தப் பெரியவர்கள் இதழுக்குச் செய்த தொண்டு, பெயரைப் போட்டுக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது.

அழகுமீனாவின் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீடு. இயற்பியல் படித்து, விருதுநகரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாப்பிள்ளைகளையும் அவர் மதிப்பீட்டாளருக்கு அனுப்பியிருப்பார், ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள் என்பது தம்பி தங்கப்பாண்டியனின் கருத்து. அழகுமீனா தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டு, தினமும் சாத்தூர் வழியாக விருதுநகருக்குப் பஸ்ஸில் போய் வந்தார். தென்வானத்தின் தலைமை அலுவலகம் அந்தப் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கைதான். மடியில் கட்டுரை, கையில் சிவப்புப் பேனா, பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் முத்துப்பேச்சி.

“எந்தப் பிள்ளை பேப்பரு டீச்சர் இது? ரத்தக்களறியா இருக்கு.”

“பிள்ளை இல்ல முத்துப்பேச்சி. வடக்க பெரிய புரொபசர்.”

“பாசா, பெயிலா?”

“திரும்ப எழுதிட்டு வரச் சொல்லணும்.”

“அவுக வீட்லயும் பொண்டாட்டி பிள்ளை இருக்கும்ல. பாத்துப் போட்டு விடுங்க.”

அழகுமீனா பார்த்துப் போட்டுவிடுகிற வகை அல்ல. ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்தால், அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். அவர்கள் சரி என்றால் மற்ற ஆசிரியர்கள் அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். அழகுமீனா கொடுக்க மாட்டார். கட்டுரையில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் தானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார். முத்துப்பேச்சி பரிந்து பேசிய அந்தப் பேராசிரியருக்குப் போன பதில் இது: “தாங்கள் பார்த்ததாகச் சொல்லும் நேரத்தில் தங்கள் ஊரில் அந்த விண்மீன் இன்னும் உதிக்கவில்லை. உதித்த பிறகு பார்த்துவிட்டு மீண்டும் அனுப்பவும்.” பேராசிரியர் மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, உதித்த பிறகு பார்த்து அனுப்பினார். அது ஒரு நல்ல கட்டுரை.

இதழ் அச்சாவது சிவகாசியில், சீனிவாசகம் என்பவரின் ஆப்செட் அச்சகத்தில். வெடிக்கட்டுகளுக்கு லேபிள், பெட்டிக்கு மேல்தாள், வருஷக் கடைசியில் தினசரிக் காலண்டர் என்று சீசன் சீசனாக ஓடுகிற மெஷின் அது. இரண்டு சீசனுக்கு நடுவில் மெஷின் மூச்சு வாங்குகிற நேரத்தில் தென்வானம் ஓடும். இதற்குக் கூலி கிடையாது, பண்டமாற்று. பதிலுக்கு அழகுமீனா, சீனிவாசகத்தின் தினசரிக் காலண்டர்களை மெய்ப்புப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

காலண்டர் மெய்ப்பை யாரும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆய்விதழில் பிழை வந்தால் நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். காலண்டரில் அமாவாசை ஒரு தாள் தள்ளிப் போனால் நாலு மாவட்டம் தப்பான நாளில் தர்ப்பணம் கொடுத்துவிடும். தாள்களின் கிழமையைச் சரிபார்க்க அழகுமீனா ஒரு முறை வைத்திருந்தார். வானியல்காரர்கள் தேதி, மாதம் என்றெல்லாம் எழுதுவதில்லை. பழைய காலத்தில் எங்கோ ஒரு நாளில் ஆரம்பித்து, நாட்களை ஒரே நீளமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். இன்றைய நாளுக்கு இருபத்துநாலு லட்சத்துச் சொச்சம் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதியே கிழமையைச் சொல்லிவிடும். மீதி இல்லை என்றால் திங்கள். ஒன்று என்றால் செவ்வாய். நான்கு என்றால் வெள்ளி. வருஷா வருஷம் ஒவ்வொரு தாளையும் இப்படி வகுத்து வகுத்து, கடைசியில் கடைச் சீட்டையும் பஸ் டிக்கெட்டையும்கூட ஏழால் வகுத்துப் பார்க்கும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

இதழின் அட்டை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெஷினில் லேபிளுக்கு ஊற்றிய மை எது மிச்சமோ, அதுதான் அந்த இதழின் அட்டை நிறம். ஒரு இதழ் குருவி வெடிச் சிவப்பில் வரும். அடுத்தது சாட்டைப் பச்சையில் வரும். ஒரு வெளிநாட்டு நூலகர், இந்த நிற மாற்றத்துக்கு ஏதேனும் பொருள் உண்டா என்று பணிவாகக் கேட்டு எழுதினார். “பருவத்தைக் குறிக்கும்” என்று அழகுமீனா பதில் எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் இதழ் வந்தது. ஒரு கட்டுரைகூடத் திரும்பப் பெறப்படவில்லை. திரும்பப் பெறுவது என்றால், அச்சான கட்டுரை தவறு என்று தெரிந்த பின் “இதை இல்லாததாகக் கொள்ளவும்” என்று ஊரறிய அறிவிப்பது. நல்ல குடும்பத்தில் நிச்சயதார்த்தம் நின்றுபோனதைப் பத்திரிகை அடித்துச் சொல்வது மாதிரி. பெரிய பெரிய நாட்டு இதழ்களில் எல்லாம் அது நடந்திருக்கிறது. தென்வானத்தில் நடந்ததில்லை. மண்டபத்து அறைகூவலுக்கு ஆதாரம் அதுதான்.

அந்த விழா எதற்காக என்று சொல்லவில்லையே. விழா ஒரு விண்மீனுக்காக.

அழகுமீனாவின் வீட்டு மாடியில் ஒரு தொலைநோக்கி உண்டு. மாசியிலிருந்து சித்திரை வரை, தெற்கு அடிவானத்தை ஒட்டி நகருகிற ஒரு விண்மீனை அவர் அதில் தொடர்ந்து பார்த்து வந்தார். கல்லூரி முடிந்து, பஸ் பிடித்து, வீடு வந்து மாடி ஏற எட்டு மணி ஆகிவிடும். சில நாட்களில் எட்டு மணிக்கு மேல் அந்த விண்மீன் மங்கும். பத்து மணிக்குள் பழைய ஒளிக்குத் திரும்பிவிடும். உச்சிக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு விண்மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அது மங்கவில்லை; இதுதான் மங்கியது. கணக்குப் போட்டார். ஏழு நாளுக்கு ஒருமுறை. முடிவு தெளிவாக இருந்தது: கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று அதைச் சுற்றி வருகிறது, வாரம் ஒருமுறை குறுக்கே வந்து மறைக்கிறது.

கட்டுரை எழுதினார். ஆசிரியரின் கட்டுரையை ஆசிரியரே மதிப்பிடக் கூடாது என்பது அவர் கொள்கை. எனவே வடக்கே ஒருவருக்கும் கடல் கடந்து ஒருவருக்கும் அனுப்பிவிட்டு, அந்தக் கட்டுரையின் பக்கமே அவர் திரும்பவில்லை. இருவரும் பாராட்டி எழுதினார்கள். தென்வானத்தில் அச்சான கட்டுரைகளிலேயே அழகுமீனா மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்காத ஒரே கட்டுரை, அவருடைய கட்டுரைதான். நேர்மைக்கு இப்படியும் சில செலவுகள் உண்டு.

விண்மீன் கட்டுரையால் இதழின் பெயர் வெளியே தெரிந்தது. பெயர் தெரிந்ததால் பல்கலைக்கழகம் ஒன்று, தென்வானத்தை அங்கீகரிக்கலாமா என்று பார்க்க ஒரு குழுவை 2006 பங்குனியில் அனுப்புவதாக எழுதியது. இது சின்ன விஷயம் இல்லை. அங்கீகாரம் பெற்ற இதழில் எழுதினால்தான் இனி டாக்டர் பட்டத்துக்குக் கணக்கில் எடுப்போம் என்று புதிதாக விதி போட்டிருந்தார்கள். விதி வந்த பிறகு தென்வானத்துக்கு வருகிற கட்டுரைகள் குறைந்துவிட்டன. இதழும் மெலிந்துகொண்டே வந்தது. அங்கீகாரம் கிடைத்தால் இதழ் பிழைக்கும். கிடைக்காவிட்டால் சீனிவாசகத்தின் மெஷினில் இரண்டு சீசனுக்கு நடுவே வேறு யாராவது கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் ரோஜா வந்தாள். நேரில் அல்ல, தபாலில். தேனிப் பக்கம் மலையில் ஒரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அழகுமீனாவின் விண்மீனைத் தன் ஊரிலிருந்து ஒரு பருவம் முழுக்கப் பார்த்ததாகவும், அது ஒரு நாள்கூட மங்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். கருவியைச் சரிபார்க்கச் சொல்லி அழகுமீனா கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். சரிபார்த்து மறுபடி அனுப்பினாள். மறுபடி திருப்பி அனுப்பினார். மூன்றாவதாக அவள் போன் செய்தாள்.

“மேடம், நான் பொய் சொல்லலை மேடம். அது மங்கவே இல்லை.”

“மேகம் இல்லாத நாளாம்மா?”

“ஆமா மேடம்.”

“நான் சொன்ன விண்மீனைத்தான் பாத்தியா? பக்கத்துல இருக்கிறதைப் பாத்திருப்ப.”

“உங்க கட்டுரையில இருக்கிற படத்தை வச்சுத்தான் மேடம் பாத்தேன்.”

“கண் டாக்டர்ட்டப் போய் எம்புட்டு நாளாச்சு?”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ரோஜாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஓர் ஆசிரியர் தன் கட்டுரையை மறுக்கிற கட்டுரையைத் தானே மதிப்பிடலாமா என்ற கேள்வி, கொள்கையில் கெட்டியான அழகுமீனாவுக்கு அப்போது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வானத்தைப் பார்த்து நடக்கிறவர்களுக்குச் சில சமயம் வாசல்படி தெரிவதில்லை.

மாசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. குழு வருவதற்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அழகுமீனா பத்து மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மங்குச்சாக்கா?” என்றார் தங்கப்பாண்டியன்.

“மங்குச்சுலே. சொன்ன நேரத்துக்கு மங்குச்சு. குழு வர்றப்ப காட்டறதுக்கு இந்த வருசக் கணக்கும் ஆச்சு.”

“என்னத்த மங்குச்சு போ. ஒரு நாளாச்சும் உன் மீனு மங்குனதைக் கொண்டாட ஒரு கோழி அடிக்க முடியுதா? நீ பல்லைக் காட்டிக்கிட்டு எறங்கி வர்ற அன்னைக்கெல்லாம் வீட்ல சாம்பாரு.”

“என்னலே சொல்ற?”

“வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல கவுச்சி ஆகாதுல்ல. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்தது. உன் மீனு கறிக்கொளம்பு வைக்கிற அன்னைக்கு மங்க மாட்டேங்குது. சைவ மீனா இருக்கும் போல.”

அழகுமீனா தட்டில் வைத்த கையை எடுத்தார்.

“எல்லாமே வெள்ளிக்கிழமையா? நீ கண்டியா?”

“நான் எங்கன கண்டேன்? நாக்கு கண்டுச்சு.”

சாப்பாடு அப்படியே கிடந்தது. அழகுமீனா உள்ளே போய்த் தன் கட்டுரையை எடுத்தார். மங்கிய நாட்களின் எண்கள் பட்டியலாக அச்சாகி இருந்தன. இருபத்துநாலு லட்சத்துச் சொச்சம், இருபத்துநாலு லட்சத்துச் சொச்சம் என்று, கிழமை தெரியாமல், கம்பீரமாக. முதல் எண்ணை ஏழால் வகுத்தார். மீதி நான்கு. அடுத்தது நான்கு. அதற்கு அடுத்ததும் நான்கு. சீனிவாசகத்தின் காலண்டருக்காக வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வகுத்த கை, சொந்தக் கட்டுரையில் அதுவரை ஒரு எண்ணைக்கூட வகுத்ததில்லை.

ஏழு நாளுக்கு ஒருமுறை என்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று இப்போது கேட்பது எளிது. வானத்தில் உள்ள எதற்கும் கிழமை தெரியாது. கிழமை தெரிந்து நடப்பதெல்லாம் கீழேதான் இருக்கிறது. ஆனால் இது அழகுமீனாவுக்கும் தெரியும், வடக்கே இருந்தவருக்கும் தெரியும், கடல் கடந்து இருந்தவருக்கும் தெரியும். மூன்று பேரும் துணை விண்மீனின் அழகில் மயங்கிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மத்தியானத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மாடி ஏறினார். கூடவே தம்பியும் ஏறினார். பொழுது சாய்ந்தது. தெற்கே, காய்ந்த நிலங்களுக்கு அப்பால், படபடவென்று ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக மேலே போய் வெடித்துச் சிவப்பாகவும் பச்சையாகவும் பூத்தன.

“என்னலே அது?”

“அந்தப் பட்டாசுக் கம்பெனிக்காரக. பேன்சி வெடி போடுறாகள்ல, வாரம் முச்சூடும் செஞ்சதுல சாம்பிள் எடுத்து, வெள்ளிக்கிழமை பூசை போட்டுட்டுக் கொளுத்திப் பாப்பாக.”

“எம்புட்டு நாளா?”

“கம்பெனி வந்ததுல இருந்து. நீ அந்நேரம் சாத்தூர் பஸ்ல வந்துக்கிட்டிருப்ப.”

“எங்கிட்ட ஏன்லே சொல்லலை?”

“வெடி வெடிக்கிறதையா? இந்த ஊர்ல அதையும் ஒரு சேதின்னு சொல்லுவாகளா?”

அதுவும் நியாயம்தான். இந்த வட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டு யாரும் தலை தூக்குவதில்லை. சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

புகை மெதுவாகப் பரவியது. காற்று இல்லை. தெற்கு அடிவானத்தை ஒட்டி மெல்லிசாக, துவைத்துக் காயப் போட்ட வேட்டி மாதிரி அது நின்றது. இருட்டியதும் கண்ணுக்குத் தெரியாமல் போனது; இருந்த இடத்தில்தான் இருந்தது. எட்டு மணிக்கு மேல் விண்மீன் அதன் பின்னால் நகர்ந்து வந்து மங்கத் தொடங்கியது. உச்சியில் இருந்த ஒப்பீட்டு விண்மீன் எந்தக் கவலையும் இல்லாமல் மின்னியது. புகை அவ்வளவு உயரம் போகவில்லை. தென்வானத்துக்குப் புகழ் தேடித் தந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் அன்று கந்தக வாசத்தோடு குறுக்கே வந்துபோனது.

அழகுமீனா கீழே இறங்கி வந்து சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார். தங்கப்பாண்டியனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இப்ப என்னக்கா? யாருக்குத் தெரியும் இது? அந்தக் குழுக்காரக திங்கக்கிழமைதான வர்றாக. கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் சொல்லிக்கிடலாம்.”

“யாருக்குத் தெரியும்னா கேட்ட? ரோஜாவுக்குத் தெரியும்லே.”

“அவ யாரு?”

“நான் கண் டாக்டர்ட்டப் போகச் சொன்ன பிள்ளை.”

விடிந்ததும் போன் செய்தார்.

“ரோஜா, நான் தென்வானம் அழகுமீனா பேசுறேன்.”

“மேடம், நான் மறுபடி எதுவும் அனுப்பலையே மேடம்.”

“தெரியும்மா. உங்க ஊர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி எதுவும் இருக்கா?”

“இல்லை மேடம். ஏலக்காய்த் தோட்டம்தான்.”

“ஏலக்காய் வெடிக்காதுல்ல. அதான். உன் கட்டுரையை அனுப்பு. முதல்ல அனுப்பினதே போதும். வேற ரெண்டு பேர்ட்ட மதிப்பீட்டுக்கு அனுப்புறேன். அதுல எங் கை படாது.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“அதை நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களே மேடம்.”

“ஆமாம்மா. சொன்னது தப்பு. மங்குனது எங்க ஊர்ப் பொகையில.”

பிறகு சிவகாசிக்குப் பஸ் ஏறினார். பங்குனி இதழ் சீனிவாசகத்தின் மெஷினில் இருந்தது. உள்பக்கங்கள் ஓடி முடிந்துவிட்டன. முதல் பக்கம் உள்ள முதல் பாரம் மட்டும் பாக்கி. இந்த இதழின் அட்டைக்கு என்ன நிறம் மிச்சம் என்று சீனிவாசகம் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர். குழு வருதுன்னீக, இந்தத் தடவை நல்ல நீலமா ஒண்ணு வாங்கியே ஊத்திரலாம்னு இருக்கேன். என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

அழகுமீனா, தன் கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு எழுதிய ஒரு தாளை நீட்டினார். சீனிவாசகம் படித்தார். அவர் வாழ்நாளில் தென்வானத்தில் படித்துப் புரிந்துகொண்ட முதல் கட்டுரை அதுதான். ஏனென்றால் அதில் விண்மீனைவிடப் பட்டாசு அதிகம் இருந்தது.

“இதைக் கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல போட்டுருவமா?”

“முதல் பக்கம்.”

“முதல் பக்கத்துல ஆசிரியர் குழுப் பேருல்ல இருக்கு. அம்புட்டும் பெரிய மனுசங்க.”

“பின்னால தள்ளுங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. இதழைப் பிரிச்சாத்தான கோவிக்க முடியும்.”

சீனிவாசகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

“டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்க. எங்க தொழில்ல லேபிள் தப்பாப் போச்சுன்னா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிருவோம். கொளுத்துற அன்னைக்கு யாரு லேபிளைப் பாக்கா? குழு போகட்டும். அங்கீகாரம் கைக்கு வரட்டும். அடுத்த இதழ்ல நானே பெரிய எழுத்துல போட்டுத் தர்றேன். இப்பப் போட்டீகன்னா, இத்தன வருசம் பாடுபட்டதை நீங்களே கொளுத்திப் போட்டதாப் போகும்.”

“அந்தக் கட்டுரையைப் பாத்துத்தான சீனிவாசகம் அவங்க வர்றாங்க? அது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே அதை வச்சு அங்கீகாரம் வாங்கினா, நாளைக்கு எந்தப் புரொபசருக்கு நான் சிவப்புப் பேனாவை எடுக்கிறது?”

“இதழே நின்னுபோச்சுன்னா எந்தப் புரொபசர் அனுப்பப் போறான், நீங்க பேனா எடுக்க?”

இதழ் நின்றுபோகும் என்பதை அழகுமீனா கணக்குப் போட்டுப் பார்க்காமல் வரவில்லை. கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மெய்ப்பு எப்பக் கிடைக்கும்?” என்றார்.

மெய்ப்பு சாயங்காலம் கிடைத்தது. அவர் அதை அச்சகத்து முற்றத்தில், லேபிள் தாள்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து படித்தார். மற்றவர் கட்டுரைக்குக் காட்டும் இரக்கம் எவ்வளவோ அவ்வளவே இதற்கும் காட்டினார். “சூழ்நிலை காரணமாக நேர்ந்த சிறு தவறு” என்று தானே எழுதியிருந்த இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. “ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு” என்று மாற்றினார். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இத்தவறைச் சுட்டிய கட்டுரையை இருமுறை நிராகரித்ததும் இதே ஆசிரியர்தான். எந்த எழுத்தாளரிடமும் அவர் இவ்வளவு கடுமையாக நடந்துகொண்டதாக ஆவணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் எல்லா மெஷினும் தூங்கும். அன்று ஒரு மெஷின் மட்டும் ஓடியது. சீனிவாசகம் முணுமுணுத்துக்கொண்டே நின்று ஓட்டினார். அட்டைக்குச் சொன்னபடி நீலமே ஊற்றியிருந்தார்.

திங்கள்கிழமை விருதுநகரில், கல்லூரியின் ஒரு வகுப்பறையில் குழு உட்கார்ந்தது. தலைவர் பேராசிரியர் வெள்ளைத்துரை. வெயிலுக்குச் சளைக்காத மனிதர், கோட்டுப் போட்டிருந்தார். பழைய இதழ்களைப் புரட்டினார். மதிப்பீட்டாளர் கடிதங்களைப் பார்த்தார். உதித்த பிறகு அனுப்பவும் என்ற கடிதத்தின் நகலைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் டம்ளரோடு நின்ற அட்டெண்டர்கூட அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

“கடைசிக் கேள்வி மேடம். இதுவரைக்கும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். இதுக்கு ‘இல்லை’ன்னு நானே எழுதிக்கிறேன். உங்க இதழைப் பத்தி எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

பேனா நகர்ந்தது. அழகுமீனா நீல அட்டை போட்ட புது இதழை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தார்.

“ஒண்ணு இருக்கு சார்.”

வெள்ளைத்துரை படித்தார். கட்டுரை எழுதியவர் பெயரைப் பார்த்தார். அறிவிப்பின் கீழே இருந்த ஆசிரியர் பெயரைப் பார்த்தார். மறுபடி மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை நாங்க போன பிறகு, அடுத்த இதழ்ல போட்டிருக்கலாமே மேடம்?”

“அடுத்த இதழ்ல இடம் இல்லை சார். ரோஜான்னு ஒரு பிள்ளையோட கட்டுரை இருக்கு. மதிப்பீட்டுக்குப் போகப் போகுது. நீளமான கட்டுரை.”

வெள்ளைத்துரை, தாளில் தான் எழுதத் தொடங்கியிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதினார். அழகுமீனா எட்டிப் பார்த்து, எழுதியது சரிதானா என்று சரிபார்த்துக்கொண்டார்.